குழந்தையின் உடலில் நீர்க் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து விடியற்காலை ஒன்றில், பத்து மாதக் குழந்தை ஒன்றை அதன் தாயும் பாட்டியும் எங்கள் பிரிவுக்குத் தூக்கி வந்தனர். மூன்று நாள்களாக வயிற்றுப்போக்கு. குழந்தை துவண்டு கிடந்தது. வந்த சிறிது நேரத்தில் வலிப்பும் கண்டது. "பாக்கெட்டைக் கரைச்சு விடாம கொடுத்துட்டுத்தாங்க இருந்தேன் டாக்டர்" என்று அத்தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கூறியது உண்மையே. எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய பொட்டலத்தை அவர் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் நீரில் கரைத்திருந்தார். குழந்தையின் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான நிலைக்கு உயர்ந்திருந்தது.

அக்குழந்தை பிழைத்தது. ஆயினும் ஏறிய உப்பை இறக்க எங்களுக்கு இரண்டு நாள்களுக்கு மேலாயிற்று. விரைந்து இறக்கினால் மூளை வீங்கிவிடும் என்பதால், மணிக்கு மணி கணக்குப் பார்த்து மெல்ல இறக்க வேண்டியிருந்தது. இதில் அத்தாயின் பிழை சிறிது. பொட்டலத்தைக் கையில் கொடுத்து, கரைக்கும் முறையைக் காட்டாமல் அனுப்புகிற எங்களைப் போன்றோரின் பிழையே பெரிது. அன்று அவருக்குச் சொல்லத் தவறியதை இங்கு முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைக்கு நீர் கொடுப்பது மட்டும் போதாது. எந்த நீரை, எந்த அளவில், எவ்வளவு நேரத்தில் கொடுக்கிறோம் என்பதே உயிர் காக்கிறது.

குழந்தை ஏன் விரைவில் வாடுகிறது?

நம் பகுதியில் நாற்றங்கால் பார்க்காதவர் இல்லை. வேர் ஆழம் போன சம்பாப் பயிர் சில நாள் காய்ச்சலைத் தாங்கும். நாற்று ஒரு நாள் நீர் இல்லையென்றால் முகம் வாடும். அதே நாற்றில் நீர் தேங்கி நின்றால் அழுகும். குழந்தையின் உடலும் நாற்றைப் போன்றதே. அதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வளர்ந்தவருக்கு இது ஏறத்தாழ 60 விழுக்காடு. இரண்டாவது, அந்த நீர் மிக வேகமாகக் கைமாறுகிறது. உடல் செல்களுக்கு வெளியே உள்ள நீரில் ஏறத்தாழ பாதியளவைக் கைக்குழந்தை ஒவ்வொரு நாளும் வெளியேற்றிப் புதிதாகப் பெறுகிறது. வளர்ந்தவர் ஏழில் ஒரு பங்கை மட்டுமே அவ்வாறு மாற்றுகிறார். ஆகவே வரவு நின்று செலவு தொடர்ந்தால், நமக்குப் பல நாள்களில் நேர்வது குழந்தைக்கு ஒரே நாளில் நேர்ந்துவிடும். மூன்றாவது, எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு அதிகம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இழக்கும் நீரும் அதிகம். காய்ச்சல் ஒரு செல்சியஸ் பாகை ஏறினால் இவ்விழப்பு ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும். நான்காவது, கைக்குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. நீரைச் சேமிக்கச் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் அதற்குக் குறைவு. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாகம் எடுத்தால் எழுந்து சென்று நீர் மொண்டு குடிக்கவோ, வாய்விட்டுக் கேட்கவோ அக்குழந்தையால் இயலாது. அதன் தாகத்தை நாம்தான் அறிய வேண்டும்.

நலமாக இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் எவ்வளவு திரவம் தேவை? 1957இல் ஹாலிடே, சீகர் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்த கணக்கை மருத்துவமனைகள் இன்றும் பின்பற்றுகின்றன. எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மி.லி.; அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மி.லி.; அதற்கு மேல் கிலோவுக்கு 20 மி.லி. இதன்படி 7 கிலோ குழந்தைக்கு 700 மி.லி.; 12 கிலோ குழந்தைக்கு 1,100 மி.லி. இது பால், கஞ்சி, நீர் என எல்லாத் திரவமும் சேர்ந்த அன்றாடத் தேவை. வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் இழப்பதை இதற்கு மேல் ஈடுசெய்ய வேண்டும்.

நீரிழப்பைக் கண்டறிதல்

வயிற்றுப்போக்கு எத்தனை முறை என்று எண்ணுவதைவிடக் குழந்தையைப் பார்ப்பது முக்கியம். முதலில் சிறுநீர். நலமான கைக்குழந்தை ஒரு நாளில் ஆறு முறையேனும் துணியை நனைக்கும். ஆறு மணி நேரம் சிறுநீர் கழியவில்லை என்றாலோ, கழிந்த சிறிதளவும் அடர்மஞ்சளாக இருந்தாலோ நீர் குறைகிறது என்று பொருள்.

அடுத்து நான்கு அடையாளங்களைப் பாருங்கள். குழந்தை சிடுசிடுப்பாக, அமைதியற்று இருக்கிறதா? கண்கள் குழிந்துள்ளனவா? கரண்டியை நீட்டியதும் ஆவலோடு தாவிக் குடிக்கிறதா? தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா? இவற்றுள் இரண்டு இருந்தாலே நீரிழப்பு தொடங்கிவிட்டது. கண்ணீரின்றி அழுவதும், நாக்கும் வாயும் உலர்வதும், கைக்குழந்தையாயின் உச்சிக்குழி உள்வாங்குவதும் இதையே உணர்த்தும்.

குழந்தை மயங்கித் துவண்டால், எழுப்பியும் விழிக்காவிட்டால், குடிக்க இயலாவிட்டால், கிள்ளிய தோல் இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பாகவே நின்றால், அது கடுமையான நீரிழப்பு. கைக்குழந்தை தன் எடையில் பத்தில் ஒரு பங்கை நீராக இழந்திருக்கக்கூடும். வீட்டில் வைத்துக்கொண்டிருக்க இனி நேரமில்லை. 108க்கு அழையுங்கள், வழியில், குழந்தை விழுங்க முடிந்தால் மட்டும், சிறுகச் சிறுகக் கரைசல் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

உச்சிக்குழி உள்வாங்கியதைக் கண்டும், வாந்தியைக் "குடலேற்றம்" என்று சொல்லியும், எண்ணெய் தடவித் தட்டுவதும் தொக்கம் எடுப்பதும் நம் ஊர்களில் வழக்கம். பாட்டிமார் அக்குழியைக் கவனித்தது கூர்மையான கவனிப்பே. அவர்கள் கண்டது நீரிழப்பைத்தான். ஆனால் அதற்குத் தீர்வு உள்ளே செல்லும் நீர்; தட்டுவதால் நீர் ஏறாது. அதில் கழியும் அரை நாள், குழந்தையின் கணக்கில் மிகப் பெரிய காலம்.

கரைசல் எவ்வாறு வேலை செய்கிறது?

வயிற்றுப்போக்கின்போது வெறும் நீர் கொடுத்தால் அதில் பெரும்பகுதி குடலில் தங்காமல் வெளியேறுகிறது. ஆனால் குடலின் சுவரில் ஒரு வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் அவ்வாயில் இரண்டையும் ஒன்றாக உள்ளே விடும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்லும். கடும் வயிற்றுப்போக்கிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை இதுவே.

இதன் வலிமையை உலகுக்குக் காட்டிய நிகழ்வு நம் நாட்டில் நடந்தது. 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் சமையல் சோடாவையும் அளந்து கலந்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையில் குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவரது பராமரிப்பில் இறந்தோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. 2022இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அங்கே கரைசலைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் தந்தைமாரும் உடன்பிறந்தாருமே என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கரைக்கும் முறை

பொட்டலத்தில் எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். ஒரு லிட்டருக்கு உரிய பெரிய பொட்டலமும் உண்டு, 200 மி.லி.க்கு உரிய சிறிய பொட்டலமும் உண்டு. எழுத்து விளங்காவிட்டால் கடைக்காரரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

சோப்பால் கை கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரை ஒரு லிட்டர் அளவுள்ள தூய பாத்திரத்திலோ குடிநீர்ப் புட்டியிலோ அளந்து எடுங்கள். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரே முறையில் கொட்டிக் கலக்குங்கள். பாதிப் பொட்டலத்தைப் பாதி நீரில் கரைக்கலாம் என்று எண்ண வேண்டாம். பொடியைக் கண்ணால் சரிபாதியாகப் பிரிக்க இயலாது. சர்க்கரை, பால், பழச்சாறு எதுவும் சேர்க்க வேண்டாம். கரைத்தபின் கொதிக்க வைக்க வேண்டாம். மூடி வையுங்கள். 24 மணி நேரம் கழிந்தால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். சரியாகக் கரைத்த கரைசல் கண்ணீரைவிட உப்பாக இராது. அதைவிட உப்புக் கரித்தால் கொடுக்காதீர்கள்.

நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துத் தொடங்கலாம். இங்கே தேக்கரண்டி என்பது 5 மி.லி. கொள்வது. விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிடுங்கள்.

எவ்வளவு, எப்படி?

நீரிழப்பு இன்னும் தெரியாத நிலையில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போனபின்னும் 50 முதல் 100 மி.லி.; இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கொடுக்க வேண்டும்.

நீரிழப்பின் அடையாளங்கள் தெரிந்தால், நான்கு மணி நேரத்தில் கிலோ ஒன்றுக்கு 75 மி.லி. கொடுக்க வேண்டும். இதை மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எங்கள் பார்வையில் செய்வது நன்று. 7 கிலோ குழந்தைக்கு இது 525 மி.லி.; அதாவது 5 மி.லி. தேக்கரண்டியால் 105 முறை. மலைக்க வேண்டாம். நான்கு மணி நேரத்தில் 240 நிமிடங்கள் உள்ளன. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் கொடுத்தாலே கணக்கு நிறைவேறிவிடும். தாய் சோர்ந்தால் தந்தை, தந்தை சோர்ந்தால் பாட்டி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு நம் வீட்டுப் பாலாடையே சிறந்த கருவி. பால் புட்டி வேண்டாம். அதை முழுமையாகத் தூய்மை செய்வது கடினம்.

வாந்தி எடுத்தால் பலர் கொடுப்பதையே நிறுத்திவிடுகின்றனர். பத்து நிமிடம் பொறுத்து, முன்னினும் மெதுவாகத் தொடங்குங்கள். ஒரே மூச்சில் குடித்த அரை டம்ளர் திரும்பி வரும். கரண்டி கரண்டியாகச் சென்றது பெரும்பாலும் தங்கும்.

பாலும் சோறும் நிற்கலாகாது

"வயிற்றைக் காயப் போட்டால் நின்றுவிடும்" என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக உள்ளது. நோயோடு பட்டினியும் சேர்ந்தால் குழந்தை மெலியும். குடற்சுவர் ஆறத் தாமதமாகும். அடுத்த நோய் எளிதில் பற்றும். தாய்ப்பால் ஒருபோதும் நிற்கலாகாது. வழக்கத்தைவிடக் கூடுதலான முறை கொடுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் குழைந்த சோறு, பருப்பு, இட்லி, தயிர்ச்சோறு, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறு சிறு அளவில் கொடுங்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும், உப்பிட்ட மோரும் இந்நெல் நாட்டின் நல்ல துணைகள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே அதைச் சிறிது கொடுக்கலாம், கரைசலுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. பழைய சோற்று நீராகாரம் பெரியவர்களுக்கு நல்லது. வயிறு கெட்ட கைக்குழந்தைக்குப் புதிதாகக் காய்ச்சிய கஞ்சியே ஏற்றது.

இத்துடன் துத்தநாக மாத்திரை 14 நாள்கள் தேவை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். அதற்கும் சிறிய குழந்தைக்கு, மருத்துவர் சொன்னபடி, 10 மில்லிகிராம். வயிறு நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

கொடுக்கக் கூடாதவை

வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரைகளைப் பெரியவர்களின் அலமாரியிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். குடல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளிர்பானமும், கடைகளில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களும் கரைசல் ஆகா. அவற்றில் சர்க்கரை மிகுதி; அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். இத்தகைய சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி விற்கப்பட்டன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பானங்களின் பெயரில் இவ்வெழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக் கடையில் கேட்கும்போது உலகச் சுகாதார நிறுவன அளவுப்படி அமைந்த பொட்டலம் என்று கேட்டு வாங்குங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கும்.

மருத்துவமனையில் செவிலியர் பார்க்கும் கணக்கு

எங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்ட குழந்தையின் கட்டிலருகே ஒரு தாள் தொங்கும். ஒரு பக்கம் உள்ளே சென்றது; மறுபக்கம் வெளியே வந்தது. செவிலியர் மணிக்கு மணி அதை நிரப்புவார். குழந்தையை நாள்தோறும் ஒரே எடைக்கருவியில், ஒரே நேரத்தில், ஆடையின்றி எடை பார்ப்பார். ஈரத் துணியையும் நிறுப்பார். உலர்ந்தபோதிருந்த எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மி.லி. சிறுநீருக்குச் சமம். கைக்குழந்தைக்கு மணிக்குக் கிலோ ஒன்றுக்கு ஒரு மி.லி. சிறுநீரேனும் வருகிறதா என்று பார்க்கிறோம்.

ஆகவே நீங்கள் பால் கொடுத்தாலும், வாந்தி வந்தாலும், துணி மாற்றினாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். "இதைப் போய்ச் சொல்வதா?" என்று தயங்காதீர்கள், அத்தாளை வைத்துத்தான் அடுத்த மணி நேரத்துக்கான திரவத்தை நான் எழுதுகிறேன். ஈரத் துணியைச் செவிலியர் பார்க்கும்முன் வீசிவிடாதீர்கள்.

"ஏன் டாக்டர் இவ்வளவு மெதுவா இறங்குது?" என்பது நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி. கடும் நீரிழப்பில் முதல் மணி நேரத்தில் நாங்களே வேகமாக ஏற்றுவோம். அது கடந்தபின் மெதுவாகவே செல்ல வேண்டும். குழந்தைக்குப் பயன்படும் சிறுதுளிக் குழாயில் 60 துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மி.லி.; பெரியவர்களுக்கான குழாயில் அதே அளவு பெரும்பாலும் 15 அல்லது 20 துளிகளில் வந்துவிடும். இரக்கத்தால் உறவினர் ஒருவர் அந்தச் சக்கரத்தைச் சற்றுத் திருப்பிவிட்டால், இரவு முழுவதற்கும் அளந்த திரவம் ஒரு மணி நேரத்தில் இறங்கி நுரையீரலில் நீர் கோக்கக்கூடும். ஐயம் எழுந்தால் செவிலியரை அழையுங்கள், சக்கரத்தைத் தொடாதீர்கள். ஊசி போட்ட கை வீங்கினாலும் சிவந்தாலும் உடனே சொல்லுங்கள்.

மிகுதியும் கேடே

கோடையில் தாகம் எடுக்கும் என்று ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெறும் நீரோ சர்க்கரை நீரோ புகட்டுவது உண்டு. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீரே. தஞ்சையின் சித்திரை வெயிலுக்கும் அது போதும். வெறும் நீர் மிகுந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்பு வரலாம். பால்மாவைச் சிக்கனத்துக்காக நீர் கூட்டிக் கரைப்பதும் அதே கேட்டைத் தரும்.

டெங்கு காய்ச்சலிலும் இக்கணக்கு நுட்பமானது. காய்ச்சல் தணியும் நாள்களில், பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியலாம். பின்பு ஓரிரு நாளில் அதே நீர் திரும்பி வரும். முதற்கட்டத்தில் குறைவாகக் கொடுத்தாலும் கேடு. இரண்டாம் கட்டத்தில் நிறுத்தாமல் கொடுத்தாலும் கேடு. காய்ச்சல் விட்டதும் குழந்தை சோர்ந்து, வயிறு வலித்து, கை கால் சில்லிட்டால் நலமாகிவிட்டது என்று எண்ணாமல் விரைந்து வாருங்கள். சிறுநீரக நோய், இதய நோய் அல்லது கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு மேற்கூறிய அளவுகள் பொருந்தா. அவர்களின் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வருமுன் காத்தல்

ஆற்றில் புதுநீர் வரும் காலத்திலும், ஐப்பசி கார்த்திகை மழையில் தெருநீர் கிணற்றிலும் குழாயிலும் கலக்கும் காலத்திலும் கூடுதல் கவனம் தேவை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களில் பல நாள்கள் மின்சாரம் இல்லை; மின்மோட்டார் ஓடாமல் குடிநீருக்கு மக்கள் தவித்ததை நாம் மறக்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பொட்டலங்களேனும் இருக்கட்டும். குடிநீரைக் கொதிக்க வைத்து, மூடிய பாத்திரத்தில் வைத்து, கைப்பிடியுள்ள கரண்டியால் மொள்ளுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016 முதல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 6, 10, 14ஆம் வாரங்களில் தவறாமல் போடுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

• குழந்தை துவண்டிருத்தல், மயக்கம், வலிப்பு
• எதையும் குடிக்க இயலாமை, அல்லது குடித்ததெல்லாம் வாந்தியாதல்
• ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை
• மலத்தில் இரத்தம், அல்லது பச்சை நிற வாந்தி, அல்லது வயிறு உப்புதல்
• மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ காணுதல்

தொடக்கத்தில் கூறிய அக்குழந்தை வீடு திரும்பிய நாளில், ஒரு லிட்டர் புட்டியையும் பொட்டலத்தையும் தாயின் கையில் கொடுத்து, எங்கள் முன்னிலையில் கரைத்துக் காட்டச் சொன்னோம். அவர் கரைத்தார், ஒரு துளி நாவில் இட்டுப் பார்த்துவிட்டு, "இது இவ்வளவு லேசாத்தான் இருக்குமா?" என்று கேட்டார். அன்று முதல், வயிற்றுப்போக்கால் வரும் எந்தக் குழந்தையின் குடும்பத்தையும் அவ்வாறு கரைத்துக் காட்டாமல் நாங்கள் அனுப்புவதில்லை. நாங்கள் மறந்தால், வீடு திரும்புமுன் நீங்களே கேளுங்கள்: "ஒரு முறை கரைத்துக் காட்டுங்கள்."